தனிப்பயன் ஒன்று

மைனஸ் முப்பத்தொன்று. வினிப்பெக்,
செயின்ட் வைட்டல் பக்கம் ஒரு வீட்டு வாசல்.
அணைத்தால் மறுபடி கிளம்பாதென்று
காருக்குள்ளேயே இருந்தான் குகதாசன்.
நூற்றெண்பது டொலர், பழைய கணினி,
மவுஸ் இலவசம் என்றான் ரோமெல்.
தரையில் இருக்கிறது, தூக்கிக்கொள்ளுங்கள் என்றான்.
இடக்கை ஜாக்கெட் பைக்குள்.
எடுக்கவேயில்லை.
ஏழு மாத வயிற்றோடு குனிந்தேன்.
நன்றாயிருப்பாய் ராசா, என்று
தமிழில் சொன்னேன், சிரித்துக்கொண்டு.
அவனும் சிரித்தான்.

இப்போது ஏப்ரல்.
ஆற்றில் பனி உடைகிற சத்தம்
இரவில் கேட்கும் என்கிறார்கள்.
எனக்குக் கேட்பது அகரன் பால் குடிக்கும் சத்தம்தான்.
மணி மூன்று பத்து.

அழிக்காமல் விட்டிருந்தான் ஒரு விளையாட்டை.
பாலத்தருகே நான்கு பேர், மழை,
முன்னால் நிற்பவள் முதுகில்
அவள் உயரத்துக்கு ஒரு இருகை வாள்.
டபிள்யூ அழுத்தினேன், நடக்கவில்லை.
ஈ அழுத்தினேன், கதவு திறக்கவில்லை.
ஐ அழுத்தினேன், பை திறக்கவில்லை.
விசைப்பலகை முழுக்க ஊமை.
சக்கரத்தில் விரல் பட்டதற்கு
கடைசி மருந்தைக் குடித்துவிட்டாள்,
ஒரு காயமும் இல்லாமல்.

அமைப்புகளுக்குள் போனேன்.
ஒலி, ஒளி, மொழி தாண்டி நான்காம் பக்கம்.
நட: வலச் சொடுக்கு.
நேரத்தை நிறுத்து: கட்டைவிரல், மேல் பொத்தான்.
பை: கட்டைவிரல், கீழ்.
ஷிஃப்டோடு சேர்த்து, கண்ட்ரோலோடு சேர்த்து
என்று தொடங்கும் பதினேழு கட்டளைகளுக்கு நேரே
வெறுங்கோடு
வெறுங்கோடு
கீழே இழுக்க இழுக்க வெறுங்கோடு.
கிறுக்கன், என்று நினைத்தேன்.

இதைச் செய்தவர்கள் எண்ணியிருப்பார்கள்
எல்லோருக்கும் இரண்டு கை,
பத்து விரலும் சும்மா கிடக்கும் என்று.
ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில்
'மாற்று' என்று ஒரு சின்னப் பொத்தான்.
வெள்ளி மாலைக் கூட்டத்தில்
எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு எழும்ப
யாரோ ஒருத்தி உட்கார்ந்தபடியே வாதாடி
வாங்கியிருப்பாள் அதை.

இடக்கையில் அகரன்.
தலை முழங்கை மடிப்பில், அசைத்தால் விழிப்பான்.
எனக்கென்று மிச்சம் வலக்கை மட்டும்.
பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓநாய்கள்.
கட்டைவிரல் தானாக மேலே போனது.
மழை நின்றது.
பாய்ந்த ஓநாய் அந்தரத்தில் வாய் திறந்தபடி.
எய்த அம்பு பாதி வழியில்.
ஒருவன் மட்டும் எந்தப் பொத்தானுக்கும் நிற்காமல்
குடித்துக்கொண்டிருந்தான்.

யார் யாரை அடிப்பது என்று
ஆறுதலாக ஒவ்வொருத்தருக்கும் சொன்னேன்.
ஒரு கை தட்டினால் ஓசை எழாதாம்.
எழவேண்டாம், பிள்ளை தூங்கட்டும்.

அப்போதுதான் அந்த ஜாக்கெட் பை ஞாபகம் வந்தது.

குளிருக்கு என்று நினைத்திருந்தேன்.
திமிருக்கு என்றும்.
சேமித்த கோப்புகளைத் திறந்து பார்த்தேன்:
இரண்டு ஐம்பது, மூன்று இருபது, மூன்று நாற்பத்தைந்து,
எல்லாமே விடியற்புறம்.
அப்படியானால் அவனுக்கும் ஒரு பிள்ளையோ?
அல்லது இரவு வேலையோ,
நோவில் தூக்கம் வராதோ.
விசைப்பட்டியலை வைத்து
ஒரு மனிதனின் கையை எப்படிச் சொல்வது?
வாசலில் நின்று பேசியது நான்கு நிமிடம்,
அதில் மூன்று விலை.

ஞாயிறு மத்தியானம் குகதாசன் உட்கார்ந்தான்.
இரண்டு கையையும் பலகையில் வைத்து
ஒன்றும் ஓடுதில்லை, என்ன கண்றாவி இது என்றான்.
இயல்புநிலைக்கு மீட்கவா என்று திரை கேட்டது.
கை போவதற்குள் கத்தினேன்.
அகரன் எழும்பிவிட்டான்.

உனக்கு வேறாக ஒன்று செய்துகொள், என்றேன்.
செய்தான், முணுமுணுத்தபடி.
அதன் பெயர் தனிப்பயன் இரண்டு.
மேலே இருப்பதை யாரும் தொடுவதில்லை.
நான் மட்டும் நேற்று ஒன்றை மாற்றினேன்:
மருந்தைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டேன்.
எங்கே வைப்பதென்று இன்னும் தெரியவில்லை.